பதினான்காம் நம்பர் பனியன்

வாரத்துக்கு மூன்று நாள் முப்பது பனியன்களைத் துவைப்பது என் வேலை. பனியன் என்றால் நாம் சட்டைக்குள் போடும் பனியன் இல்லை. நெஞ்சு வரைக்கும் மட்டும் வந்து உடம்பைக் கவ்விப் பிடிக்கும் கறுப்புத் துணி. முதுகுப் பக்கம், இரண்டு தோள்களுக்கும் நடுவே, சின்னதாக ஒரு பை தைத்திருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்று அந்தப் பைக்குள் போகும். பயிற்சி முடிந்ததும் ஆட்டக்காரர்கள் பனியனைக் கழற்றி என் கூடையைப் பார்த்து எறிவார்கள். பாதி வெளியே விழும். குனிந்து எடுப்பேன். வியர்வையோடு முந்தின நாள் குடித்த பீரும் சேர்ந்து வரும் ஒரு நாற்றம் இருக்கிறது. எட்டு வருடமாக முகர்கிறேன், இன்னும் குமட்டுகிறது.

துபாய்க்கு வெளியே, பாலைவனத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் மைதானம். மைதானத்தைப் பராமரிக்கும் காண்ட்ராக்ட் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். ஊர் தூத்துக்குடிப் பக்கம். ரோலாவில் ஆறு பேர் படுக்கும் ரூமில் ஒரு கட்டில் எனக்கு. மைதானத்தை வாடகைக்கு எடுத்திருப்பது அயர்லாந்துக்காரர்களின் கிளப். பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார்கள், வாத்தியாரம்மாக்கள், சில பேங்க்காரர்கள். அவர்கள் ஆடுவது நமக்குத் தெரிந்த ஃபுட்பால் இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம். ஆனால் நாலு எட்டுக்கு ஒருமுறை தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் காலால் உதைத்து மறுபடி கைக்கே கொண்டுவர வேண்டும். கோல் கம்பத்தின் மேல்பாதி வானத்தைப் பார்த்து நீண்டிருக்கும். கீழே வலைக்குள் போட்டால் மூன்று, குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் ஒன்று. அவர்கள் ஊரில் பக்கத்துக்குப் பதினைந்து பேர், இங்கே ஆள் கிடைக்காமல் பதினொன்று. ஆட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல ஆட்டம். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஓட்டத்தை அளக்கத்தான் கருவி. எவன் எத்தனை கிலோமீட்டர் ஓடினான், அதில் வேகமாக ஓடியது எவ்வளவு, எத்தனை முறை பாய்ந்தான், எத்தனை முறை சட்டென்று நின்றான், எல்லாம் அதில் ஏறும். நான் கருவிகளை லேப்டாப்பில் செருகினால் ஒவ்வொருவன் பெயருக்கு நேராகவும் ஒரு கட்டம் வரும். போன நாலு வாரம் ஓடியதையும் இந்த வாரம் ஓடியதையும் ஒப்பிட்டு அதுவே நிறம் போட்டுவிடும். பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் அளவுக்கு மீறிவிட்டான், உட்கார வை. அதோடு தினமும் காலையில் ஒவ்வொருவனின் ஃபோனுக்கும் கேள்வி போகும். நன்றாகத் தூங்கினாயா, தசை வலிக்கிறதா, மனசு எப்படி இருக்கிறது. பயிற்சி முடிந்தால் இன்னொரு கேள்வி: எவ்வளவு கஷ்டமாக இருந்தது, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் போடு.

இதைப் படித்துக் காட்டினால் எங்கள் கம்பெனியின் மற்ற ஆட்கள் தங்கும் லேபர் கேம்ப்பில் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள். எட்டுப் பேர் படுக்கும் அறையில், ஏசி ரிப்பேர் ஆகி நாலு நாள் ஆகியும் யாரும் வராத அறையில், நன்றாகத் தூங்கினாயா என்று கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்.

அந்த கேம்ப்பிலிருந்து தினமும் விடிவதற்குள் பஸ்ஸில் வந்து இறங்கும் நாலு பேரில் ஒருத்தன் சிவகங்கைக்காரன். முப்பத்தொரு வயது. புல்லுக்குத் தண்ணீர் திறப்பது, புல் வெட்டும் வண்டி ஓட்டுவது, கோடு போடுவது, இரும்புக் கோல் கம்பங்களை இடம் மாற்றுவது எல்லாம் அவன் தலையில். போலீஸ் செலக்‌ஷனுக்கு மூன்று முறை போனவன். ஓட்டத்தில் மூன்று முறையும் தேறியவன். உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்ததால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை முடிந்தும் பஸ் வர நேரமானால் மைதானத்தைச் சுற்றி ஓடுவான், செருப்பில்லாமல். எதுக்குல ஓடுத என்று ஒருமுறை கேட்டேன். அளந்து பார்க்கத்தான் என்றான். என்னத்தை அளக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

அவனுக்கு இருந்த ஒரே ஆசை, வெயிலிலிருந்து உள்ளே போய்விட வேண்டும். ஏசி இருக்கும் கட்டடத்துக்குள் ஒரு வேலை. என்ன வேலையாக இருந்தாலும் சரி. முந்தின கோடையில் புல் வெட்டும் வண்டியிலிருந்து மயங்கி விழுந்தான். மறுநாள் வந்து அதே வண்டியில் ஏறினான். அடுத்த கோடையையும் வெளியே ஓட்டினால் உடம்பு தாங்காது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பதினாலாம் நம்பர்க்காரன் இதைத்தான் பிடித்துக்கொண்டான்.

பதினாலு என்பவன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். முன்வரிசையில் எதிர் டீமின் கோலுக்குப் பக்கத்திலேயே நிற்பவன். ஆறடிக்கு மேல். பந்து கையில் சிக்கினால் தப்பாமல் அடிப்பான், அதைத் தவிர எதற்கும் ஓட மாட்டான். புதிதாக வந்த கோச்சுக்கு அது பிடிக்கவில்லை. நவம்பரில் வளைகுடா முழுக்க இருக்கும் கிளப்புகள் கூடும் போட்டி இருந்தது. செவ்வாய், வியாழன் சாயங்காலப் பயிற்சி போக, சனிக்கிழமை காலையில் ஒவ்வொருவனும் தனியாக வந்து என்னிடம் கருவி வாங்கி மாட்டி, காகிதத்தில் எழுதிக் கொடுத்த ஓட்டத்தை ஓடிவிட்டுப் போக வேண்டும் என்று கோச் உத்தரவு போட்டார். ஓடாதவனுக்கு டீமில் இடம் இல்லை. கோச் சனிக்கிழமை வர மாட்டார். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து பார்ப்பார்.

பதினாலு வெள்ளிக்கிழமை மத்தியானம் குடிக்க உட்கார்ந்தால் சனிக்கிழமை மத்தியானம்தான் எழுவான். அவன் எப்படிச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓடுவான்? ஸ்டோருக்கு வந்து என் தோளில் கை போட்டான். பாஸ் என்று கூப்பிட்டான். அந்த ஓடுகிற பையனைப் பார்த்திருக்கிறேன், ரொம்ப நன்றாக ஓடுகிறான், என் பனியனைப் போட்டுக்கொண்டு நாலைந்து சனிக்கிழமை அவன் ஓடினால் போதும், எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் ரூமுக்கு ஆள் தேவைப்படுகிறது, நானே பேசி உள்ளே போட்டுவிடுகிறேன் என்றான். எனக்கு ஒரு கிளப் ஜாக்கெட் கொடுத்தான். பழையதுதான், ஆனால் கிழிசல் இல்லை.

அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ரோலாவில் டீ குடித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். யார் கேட்டாலும் எங்கள் கிளப் கொடுத்தது என்று சொன்னேன்.

சிவகங்கைக்காரனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் ஒரே கேள்விதான் கேட்டான்.

"ஏசி ரூமாண்ணே?"

"ஸ்கூலுக்குள்ளல்லா இருக்கு. ஏசி இல்லாம எங்க போவும்?"

"அப்பச் சரிண்ணே. எத்தனை சுத்து?"

முதல் சனிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்னால், தண்ணீர் திறந்துவிட்ட கையோடு, பின்னால் இருக்கும் இரண்டாவது மைதானத்தில் பதினான்காம் பனியனைப் போட்டுக்கொண்டு ஓடினான். பனியன் அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. முதுகில் ஒரு ஊக்கு குத்திவிட்டேன். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நானும் படிக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஓடு என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒரே ஓட்டம்தான். போலீஸ் செலக்‌ஷன் ஓட்டம். மைதானத்தின் ஓரத்தைப் பிடித்து, எப்போதும் இடது பக்கமே திரும்பி, ஒரே சீரான வேகத்தில், மூச்சு வாங்காமல். ஆயிரத்தைந்நூறு மீட்டரை முடித்தான். தண்ணீர் குடித்தான். மறுபடி ஒரு ஆயிரத்தைந்நூறு. இப்படி ஐந்து முறை. முடித்துவிட்டு ஓடிய பாதையில் மிதிபட்ட புல்லைப் பார்த்து, இங்கே இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோச் என்னை லேப்டாப் பக்கத்துக்குக் கூப்பிட்டார். அந்தக் கருவி ஓடிய தூரத்தை மட்டும் சொல்லாது, ஓடிய இடத்தையும் கோடாகப் போட்டுக் காட்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற ஆட்டக்காரர்களின் கோடுகள் சின்னக் குழந்தை பென்சிலால் கிறுக்கினதுபோல முன்னும் பின்னுமாக இருந்தன. பதினாலுக்கு மட்டும் வட்டத்தின் மேல் வட்டம், காம்பஸ் வைத்துப் போட்டதுபோல. கோலுக்குப் பக்கத்தில் நிற்பவன் ஏன் வாட்ச்மேன் மாதிரி மைதானத்தைச் சுற்றியிருக்கிறான் என்று கோச் கேட்டார். கருவி கொடுப்பதோடு என் வேலை முடிகிறது, மற்றது எனக்குத் தெரியாது என்றேன். பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

பதினாலு கோச்சிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். கோபப்படவில்லை, சிரித்தான். காகிதத்தை என் கையில் கொடுத்து, அவனுக்குச் சொல்லிக் கொடு பாஸ், நீதான் அவனுக்குக் கோச் என்றான்.

நானும் சொல்லிக் கொடுத்தேன். கடைசிக் கோட்டிலிருந்து நாற்பத்தைந்து மீட்டர் கோடு வரைக்கும் உயிரைக் கொடுத்துப் பாய வேண்டும். அங்கே சட்டென்று நின்று திரும்ப வேண்டும். பாதி தூரம் வந்து மறுபடி நின்று பாய வேண்டும். நடந்து திரும்ப வேண்டும். இப்படிப் பன்னிரண்டு முறை, நடுவில் கொஞ்சம் ஓய்வு, மறுபடி பன்னிரண்டு. அவன் கால் அந்த மாதிரி ஓடிப் பழகிய கால் இல்லை. நிற்பதும் பாய்வதும் வேறு உடம்பு கேட்கும். எட்டு வருடமாகக் கோச்சுகள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான், எனக்கு அது தெரியும். புதிதாகச் சேரும் ஆட்டக்காரனுக்கு முதல் வாரம் நாலு பாய்ச்சல், அடுத்த வாரம் ஆறு என்று ஏற்றுவார்கள். நான் சிவகங்கைக்காரனுக்கு முதல் நாளே இருபத்துநாலு கொடுத்தேன். கழுத்தில் விசில் மாட்டியிருந்தேன். நன்றாக ஊதினேன். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

கோச்சுக்கும் சந்தோஷம். பதினாலு இப்படி ஓடுவான் என்று நினைக்கவே இல்லை என்றார். எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாக நின்றான். அந்த அடக்கத்தைப் பார்த்துக்கொண்டு கையில் கூடையோடு நானும் நின்றேன்.

ஓடி முடித்ததும் கஷ்டம் எவ்வளவு என்று நம்பர் போட வேண்டும் அல்லவா, அது பதினாலின் ஃபோனில்தான் வரும். அவன் படுக்கையில் இருந்தபடி என்னிடம் மெசேஜில் கேட்பான், எத்தனை போடலாம் என்று. நான் சிவகங்கைக்காரனைக் கேட்பேன். வாயில் நுரை தள்ள, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, அவன் எப்போதும் ஒரே பதில்தான் சொன்னான்.

"ரெண்டு போடுங்கண்ணே."

"ஏல, நிக்க முடியாமக் கிடக்க. ரெண்டாம்லா?"

"செலக்‌ஷன்ல முடியலன்னு சொன்னா வெளிய போன்னுருவாய்ங்க. ரெண்டே போடுங்க."

பதினாலு ஏழு போட்டான்.

மூன்றாவது வாரம் கட்டம் மஞ்சளானது. நாலாவது வாரம் சிவப்பு. இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். லேப்டாப்பில் பதினாலு என்ற பெயருக்கு நேரே சிவப்பு எரிந்தபோது அது யாருடைய காலைச் சொல்கிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சிவப்பிலும் பாதிதான் இருந்தது. அவன் பனியனைக் கழற்றிய பிறகு ஒன்பது மணி நேரம் குழாயை இழுத்ததும் கம்பம் தூக்கியதும் அதில் ஏறவில்லை. கோச் பதினாலைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வராதே, வீட்டில் இரு, நன்றாகச் சாப்பிடு, தூங்கு என்றார். அவன் சரி என்று சொல்லிவிட்டு நண்பர்களோடு சாப்பிடப் போனான். சிவகங்கைக்காரன் அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய மைதானம் முழுக்கப் புல் வெட்டினான்.

நிறுத்திக்கொள் என்று அவனிடம் சொன்னேன். சொன்னேன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை. ஒருமுறை, டீ குடித்துக்கொண்டே சொன்னேன்.

"இன்னும் ஒரு சனிதாண்ணே. அடுத்த மாசம் ஸ்கூல்ல எடுத்துருவாய்ங்கள்ல. இப்பப் போய் முடியாதுன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்ல."

"அவன் ஒன்கிட்ட பாஸ்போர்ட் காப்பி கேட்டானால?"

"கேக்கலை. கேப்பாரு."

ஒருவனுக்கு வேலை வாங்கித் தருகிறேன் என்பவன் முதலில் கேட்பது பாஸ்போர்ட் காப்பிதான். வளைகுடாவில் வந்து இறங்கிய அன்றைக்கே தெரிந்துவிடும் விஷயம் அது. ஐந்து வாரமாகியும் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் டீயைக் குடித்து முடித்தோம்.

ஐந்தாவது சனிக்கிழமை, இரண்டாவது சுற்றில் எட்டாவது பாய்ச்சலில், நாற்பத்தைந்து கோட்டுக்குப் பத்தடி முன்னால் அவன் நின்றான். நின்றான் என்பதைவிட யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்ததுபோலத் துள்ளினான். கை பின்தொடைக்குப் போனது. திரும்பி யார் அடித்தது என்று பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. நான் ஓடிப் போனேன். சுளுக்கு என்றான். உட்காரு என்றேன்.

"இன்னும் நாலு கெடக்குண்ணே. பன்னெண்டுன்னா பன்னெண்டுதான்."

நான் விசிலை ஊதாமல் இருந்திருக்கலாம். ஊதினேன். அவன் இன்னும் இரண்டு ஓடினான். நொண்டிக்கொண்டே ஓடினான். அதற்குப் பிறகு முடியவில்லை. அந்த இரண்டு விசிலை நினைத்தால் எனக்கு என் வாயையே பிடிக்கவில்லை.

கருவி அதையும் எழுதி வைத்திருந்தது. எட்டாவது பாய்ச்சலில் வேகம் மலையிலிருந்து விழுந்ததுபோல விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோச் பார்த்ததும் பதறிவிட்டார். பதினாலுக்குத் தொடையில் ஏதோ ஆகியிருக்கிறது, போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, உடனே பிசியோவைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். கிளப்பின் பிசியோ ஒரு அம்மா. அவர்கள் ஊர்க்காரிதான், நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாத ஆள்.

திங்கட்கிழமை சாயங்காலம் துவைத்த துண்டுகளைக் கொடுக்கப் பிசியோ ரூமுக்குப் போனேன். பதினாலு குப்புறப் படுத்திருந்தான். அந்த அம்மா அவன் பின்தொடையை எண்ணெய் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார். ஒரு குறையும் இல்லாத தொடை. கொழுத்த, வெள்ளை வெளேர் என்ற தொடை. பக்கத்தில் ஐஸ் பை. கண்ணை மூடிக்கொண்டு சுகமாக முனகினான். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லையே, வலிக்கிறதா என்று அந்த அம்மா கேட்க, அங்கேதான், அங்கேதான் என்றான். ஜன்னலுக்கு வெளியே சிவகங்கைக்காரன் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து கோல் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போனான். இடது காலை மடக்காமல், விறகுக் கட்டைபோல இழுத்துக்கொண்டு. எங்கள் கம்பெனி சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் மெடிக்கல் அன்ஃபிட் என்று ஊருக்கு ஏற்றிவிடுவான் என்ற பயத்தில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. பதினாலு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

துண்டுகளை அங்கேயே தரையில் போட்டுவிட்டுக் கோச்சிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் இங்கிலீஷ் மோசம். ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தையும் தடுக்கவில்லை. வட்டம் போட்டது யார், பாய்ந்தது யார், தொடை கிழிந்தது யாருக்கு, பதினாலு எங்கே தூங்கிக்கொண்டிருந்தான், நான் என்ன செய்தேன்.

கோச் முழுக்கக் கேட்டார். முகம் சிவந்தது. இப்போது சிவகங்கைக்காரனைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, எந்தெந்தத் தேதி என்று. ஐந்து சனிக்கிழமை என்றேன். லேப்டாப்பைத் திறந்தார். பதினாலின் பெயரில் இருந்த ஐந்து சனிக்கிழமைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி அழித்தார். என் ஐந்து வாரக் கணக்கு முழுக்கக் குப்பையாகிவிட்டது, டீமின் சராசரியே தப்பு, எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கட்டம் வெள்ளையாகிவிட்டது. சிவகங்கைக்காரன் அந்த மைதானத்தில் ஓடிய ஓட்டத்துக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். போயே போய்விட்டது.

அவன் காலை உங்கள் பிசியோ பார்க்க வேண்டும் என்றேன். அவன் எங்கள் ஆள் இல்லையே, காண்ட்ராக்ட் கம்பெனி ஆள், எங்கள் இன்ஷூரன்ஸில் வர மாட்டான், ஏதாவது ஆகிவிட்டால் சிக்கல், உங்கள் கம்பெனியில் சொல் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. நாளைக்குக் கருவி ஒன்றுகூடச் சார்ஜ் ஆகாது, முப்பதும் செத்துக் கிடக்கும், பிசியோ அவன் காலைப் பார்த்த பிறகுதான் பிளக்கைச் செருகுவேன் என்றேன். அவருக்கு அது புரிந்தது.

ஆனால் அவர் பதில் சொல்வதற்குள் பிசியோ அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் போட்ட சத்தம் அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது. எங்கே அந்த ஆள் என்றார். அவ்வளவுதான். பம்ப் ரூமுக்குப் பின்னால், எங்கள் ஆட்கள் உடை மாற்றும் கன்டெய்னருக்கு வந்து, அவனை ஒரு பெஞ்சில் குப்புறப் படுக்கச் சொன்னார். தொடை கத்தரிக்காய் நிறத்தில் கறுத்து வீங்கி முழங்கால் வரைக்கும் இறங்கியிருந்தது. விரல் பட்டதும் அவன் பல்லைக் கடித்தான். எவ்வளவு வலி, பத்துக்கு என்று அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அவன் இரண்டு என்றான். பத்து என்று நான் இங்கிலீஷில் சொன்னேன்.

தசை கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் தூக்கவோ இழுக்கவோ ஓடவோ கூடாது என்றார். கட்டுப் போட்டுவிட்டார். பதினாலுக்கு வைத்திருந்த ஐஸ் பையைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தார்.

அவர் போனதும் சிவகங்கைக்காரன் என்னிடம் திரும்பினான். நன்றி சொல்வான் என்று நினைத்தேனா? நினைத்தேன். வெட்கக்கேடுதான்.

"கோச்சுகிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப ஸ்கூல் வேலையும் போச்சு. காலும் போச்சு. நல்லா இருக்குண்ணே. நல்லா ஊதுனீக விசிலு."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதில் நியாயம் உண்டு.

பள்ளிக்கூட வேலை என்று ஒன்று இருந்ததே இல்லை. பதினாலிடம் நேருக்கு நேர் கேட்டேன். விசாரிக்கலாம் என்று நினைத்திருந்தேன், அங்கே ஆள் எடுப்பதெல்லாம் வேறு கம்பெனி, எனக்கு அவர்களைத் தெரியாது என்றான். அவன் அதை மறைக்கக்கூடப் பார்க்கவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான். ஜாக்கெட்டை அவன் காரின் மேல் போட்டுவிட்டு வந்தேன்.

ஆறு வாரத்துக்கு நான் ஒரு காரியம் செய்தேன். சூப்பர்வைசரிடம், ஸ்டோர் தூசியில் எனக்குத் தும்மல், கொஞ்ச நாள் வெளியே வேலை செய்கிறேன், அவனை ஸ்டோரில் உட்கார வையுங்கள் என்றேன். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், எவன் எங்கே நின்றால் எனக்கென்ன என்றான். நாற்பத்தேழு வயதில் குழாய் இழுத்தேன், புல் வெட்டினேன், கம்பம் தூக்கினேன். முதல் வாரம் ராத்திரி கட்டிலில் புரளக்கூட முடியவில்லை. ஒரு கருவியை எடுத்து என் முதுகில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒருநாள் தோன்றியது. வைக்கவில்லை. பார்த்து என்ன செய்ய? உட்கார வைக்க யார் இருக்கிறார்கள்?

சிவகங்கைக்காரன் ஏசியில் உட்கார்ந்தான். அவன் ஆசைப்பட்ட ஏசி ரூம் அப்படித்தான் கிடைத்தது, ஆறு வாரத்துக்கு. இரண்டே நாளில் லேப்டாப்பைக் கற்றுக்கொண்டான். பனியன்களையும் அவனே துவைத்தான். இரண்டாவது வாரம், நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது, திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இந்தா பாருங்கண்ணே, ஏழாம் நம்பரு மஞ்சளு. பாவம், ராத்திரி சரியாத் தூங்கலையாம்."

"ஒனக்குத் தூக்கம் வந்துச்சால?"

"ரெண்டு."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு பேச்சு இருந்தது.

பதினாலுக்கு ஒரே ஒரு ஆட்டம் தடை போட்டார்கள். போட்டிக்கு அவன் வந்துவிட்டான். கோல் அடிப்பவன் வேண்டும் அல்லவா. கப்பும் ஜெயித்தார்கள். படம் எடுத்தபோது நடுவில் அவன்தான் நின்றான். கோச் என்னைக் கூப்பிட்டு, இனி யார் கருவி வாங்கினாலும் முகத்தைப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு நோட்டு கொடுத்தார். அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அந்த நோட்டுதான்.

ஆறு வாரம் முடிந்ததும் சிவகங்கைக்காரன் வெளியே போனான், நான் உள்ளே வந்தேன். அவன் இப்போது ஓடுவதில்லை. பஸ் வரத் தாமதமானால் புல்லில் உட்கார்ந்து காலை நீட்டித் தொடையை அமுக்கிக்கொண்டிருப்பான். இன்னும் ஐந்து மாதத்தில் கோடை வரும்.

நான் இன்னும் பனியன் துவைக்கிறேன். பயிற்சிக்கு முன்னால் ஒவ்வொருவனுக்கும் பனியனைக் கையில் கொடுப்பது வழக்கம். இருபத்தொன்பது பேருக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். பதினாலு வந்து கையை நீட்டும்போது அவனுடையதை அவன் காலடியில் போடுகிறேன். முதல் நாள் என்னைப் பார்த்தான். கோச்சைப் பார்த்தான். கோச் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து எடுத்துக்கொண்டான். இப்போது கையை நீட்டுவதே இல்லை. வந்து நிற்கிறான், நான் போடுகிறேன், குனிகிறான்.